“ஆயுசுக்கும் செல்லும் கார்டியன் சர்டிபிகேட்” என்று ஒன்று உண்டா?

கேள்வி: 4 ஜூன் 2025

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் கலெக்டர் ஆபீஸில் கார்டியன் சர்டிபிகேட் வாங்கியே ஆக வேண்டும், ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் எல்லாக் காரியத்துக்கும் செல்லும் என்று வங்கியில் சொல்கிறார்கள். சரியா? வயதான பெற்றோருக்கு மறதி நோய் வந்தாலும் இதே சர்டிபிகேட்தானா? இப்போதே பவர் எழுதி வைத்துவிட்டால் போதாதா?

4 ஜூன், இரவு

வங்கியில் சொன்னது இரண்டுமே தப்பு. 2017 ஏப்ரலுக்கு முன்னால் இருந்த பழக்கத்தை வைத்துச் சொல்கிறார்கள்.

18 முடிந்ததும் பெற்றோர் இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலை போய்விடும். அது உண்மை. ஆனால் அந்த இடம் காலியாக இருப்பதாகவும், அதில் ஒருவரை உட்கார வைத்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 13 சொல்வது நேர் எதிர்: மற்றவர்களுக்கு உள்ள அதே சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிக்கும் உண்டு, சொத்து வைத்துக்கொள்ளலாம், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கலாம், வங்கிக் கடன் வாங்கலாம். இந்தச் சட்டம் 19 ஏப்ரல் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்த பிரிவு, 14, பாதுகாவலர் பற்றியது. அதைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். தேவையான உதவிகளைக் கொடுத்துப் பார்த்த பிறகும் சட்டப்படி செல்லும் முடிவை எடுக்க முடியாதவருக்கு மட்டும்தான் பாதுகாவலர். அவருக்குப் பெயர் “வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்”. குறிப்பிட்ட முடிவு, குறிப்பிட்ட சூழ்நிலை, குறிப்பிட்ட காலம். அதுவும் அந்த நபரைக் கலந்து, அவர் விருப்பப்படி. 14(2) இன்னும் முக்கியம்: வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார். ஆக 2010-இல் வாங்கிய “முழு” சர்டிபிகேட்டும் சட்டத்தின் பார்வையில் இன்று முழு சர்டிபிகேட் இல்லை.

பவர் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

5 ஜூன்

எங்கே மனு கொடுப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் காலம் போகிறது.

1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் மைனர்களுக்கு மட்டும். 25 வயதுக்காரருக்கு அதன் கீழ் மனு போட்டால் திரும்பித்தான் வரும். “மனவயது 6 என்று டாக்டர் எழுதியிருக்கிறார், அதனால் இவர் மைனர்தான்” என்ற வாதத்தை இன்னும் சிலர் வைக்கிறார்கள். வைக்காதீர்கள். வழக்கும் நிற்காது, அந்த மனிதரையும் குழந்தையாக்கிவிடுகிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999. இதன் கீழ் மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு. உறுப்பினர் மூவர்: கலெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி. கோர்ட் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மனு ஏ படிவத்தில், நியமன உத்தரவு பி படிவத்தில்.

மனநோய், மறதி நோய், பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சும் நினைவும் போனது, கோமா ஆகியவை இந்தக் குழுவின் எல்லைக்கு வெளியே. அங்கே மனு கொடுத்து ஆறு மாதம் காத்திருந்து “எங்கள் அதிகாரத்தில் வராது” என்று ஒரு வரிப் பதில் வாங்காதீர்கள்.

மூளை முடக்குவாதம் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பாதுகாவலர் தேவை என்று அர்த்தமில்லை. கை நடுங்கும், பேச்சு குழறும், அறிவு முழுசாக இருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கையெழுத்துப் பிரச்சினைதான், முடிவெடுக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே எழுதுகிறேன்.

6 ஜூன்

மனு எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாம் ஒரே ஓர் இடத்தில்தான் கெடுகிறது: “எந்த நோக்கத்துக்காக” என்ற பகுதியில்.

பொதுவாக எழுதப்படுவது: “மேற்படியாரின் உடல், சொத்து மற்றும் அனைத்துக் காரியங்களுக்கும்.”

எழுத வேண்டியது இப்படி: “தகப்பனார் காலமான பின் வரும் குடும்ப ஓய்வூதியத்தை இன்ன வங்கி இன்ன எண் கணக்கில் பெறவும், உணவு, மருந்து, பயிற்சி மையக் கட்டணத்துக்காக மாதம் ரூ. 12,000 வரை எடுக்கவும், ரூ. 50,000-க்கு மேல் ஒரே தடவை எடுப்பதானால் குழுவின் அனுமதி பெற்றும். 3 ஆண்டுக் காலத்துக்கு. ஒவ்வொரு தடவையும் அவரைக் கலந்தும்.”

இரண்டாவது வாசகத்துக்கு எல்லாக் குழுவும் உடனே தலையாட்டாது. “எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கொடுக்கிறோம்” என்று அச்சடித்த உத்தரவை நீட்டுவார்கள். அப்போது நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 14-ஆம் பிரிவையே காட்டுங்கள். குழு பார்க்க வேண்டியது இரண்டு: பாதுகாவலர் தேவையா, என்ன நோக்கத்துக்காகத் தேவை. நோக்கத்தைப் பதிவு செய்யாத உத்தரவு அந்தச் சட்டத்தின்படியே குறையுள்ளது. புதுச் சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பதைவிட அவர்கள் கையில் இருக்கும் பழைய சட்டத்தைக் காட்டுவது வேலைக்கு ஆகும்.

சொத்து விற்பதானால் “சொத்து நிர்வாகம்” என்ற பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு சார்பதிவாளரிடம் போகாதீர்கள். சர்வே எண், பரப்பு, விற்பதற்கான காரணம், பணம் எந்தக் கணக்கில் எந்த டெபாசிட்டாகப் போகும் என்பது வரை எழுதித் தனி உத்தரவு கேளுங்கள். அப்படி இல்லாத விற்பனையைப் பத்து வருடம் கழித்து ஒரு பங்காளி வந்து உடைப்பார்.

இணைப்புகளில் அடிக்கடி உதைப்பவை: யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையிலும் ஆதாரிலும் பெயர் வேறு வேறு எழுத்தில் இருப்பது (இதை முதலில் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு), பாதுகாவலராக இருக்கப் போகிறவரின் ஒப்புதல் கடிதம் இல்லாதது, உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாதது. வெளியூரில் இருக்கும் அண்ணன் கடிதம் அனுப்பவில்லை என்றால், நோட்டீஸ் அனுப்பிப் பதில் வரவில்லை என்று பதிவு செய்யும்படி குழுவிடம் கேட்கலாம். அவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

6 ஜூன், பிற்பகல்

மேலே “மாதம் ரூ. 12,000” என்று போட்டதை அப்படியே நகல் எடுக்காதீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் கடைசி ஆறு மாத உண்மைச் செலவைக் கூட்டி, மருந்து விலை ஏறுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள். இறுக்கமாகப் போட்டால் ஒவ்வொரு பண்டிகைக்கும் அனுமதி கேட்டு அலைய வேண்டி வரும்.

8 ஜூன்

“தேவையான உதவி கொடுத்துப் பார்த்த பிறகு” என்பது என்ன உதவி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுதான் சரியான கேள்வி. சட்டம் மாறியதன் சாரமே அதில்தான் இருக்கிறது.

வங்கிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவரிடம் போய் “உன் கணக்கை அம்மா பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால் “சரி” என்பார். எதைக் கேட்டாலும் “சரி” என்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அது சம்மதம் இல்லை. இப்படிச் செய்து பாருங்கள். மேசையில் பாஸ்புக், ஒரு காலிக் கவர், 100 ரூபாய்த் தாள்கள் இருபது. “இது உன் பணம். இதில் இவ்வளவு மருந்துக்கு” என்று எட்டுத் தாளை எண்ணித் தள்ளுங்கள். “இவ்வளவு பஸ்ஸுக்கு” என்று நான்கு. மீதியைக் கவரில் போட்டு, “இது பேங்கிலேயே இருக்கட்டுமா, நீ வைத்துக்கொள்கிறாயா?” என்று கேளுங்கள். பதில் வந்ததும் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்துக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: “நீ வைத்துக்கொள்கிறாயா, பேங்கிலா?” கடைசியாகக் கேட்ட வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்கிறார் என்றால் பதில் மாறிவிடும். மாறாமல் அதே பதில் வந்தால் அது அவருடைய முடிவு. பேச்சு வராதவருக்கு இரண்டு படம் வைத்து, இடம் வலம் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்.

நல்ல தூக்கம் தூங்கி எழுந்த காலை நேரம், பழகிய அறை, எதிரே இரண்டு பேருக்கு மேல் இல்லாமல். வலிப்பு மருந்தின் அளவு மாற்றிய வாரத்தில் வேண்டாம்.

இந்த மாதிரி ஐந்தாறு பதிவுகள் தேதியோடு இருந்தால் இரண்டு பயன். இவருக்குப் பாதுகாவலரே தேவையில்லை என்று தெரியவரலாம். அல்லது எதில் முடியும், எதில் முடியாது என்பது தெளிவாகி, முடியாத இடத்துக்கு மட்டும் பாதுகாவலர் கேட்கலாம். சாப்பாடு, உடை, யாரோடு இருப்பது, எந்தப் பயிற்சிக்குப் போவது எல்லாம் அவர் கையிலேயே இருக்க, நிலப் பாகப்பிரிவினைக்கு மட்டும் ஒருவர் துணை நிற்கலாம்.

உதவி செய்பவருக்கும் 2016 சட்டத்தின் பிரிவு 13 கடிவாளம் போட்டிருக்கிறது. அந்த விஷயத்தில் உதவியாளருக்கே சொந்த லாபம் இருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாகப்பிரிவினையில் இன்னொரு பங்குதாரராக இருக்கும் அண்ணன் அதே பாகப்பிரிவினைக்குத் தம்பியின் உதவியாளராக இருக்க முடியாது. இதைப் பல குடும்பங்கள் கவனிப்பதே இல்லை. உதவி ஏற்பாட்டை மாற்றவோ கலைக்கவோ அந்த நபருக்கு உரிமை உண்டு. ஆனால் அதுவரை வெளியாரோடு முடிந்த பரிவர்த்தனை அதனால் ரத்தாகாது.

9 ஜூன்

பவர்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201: எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ அதிகாரம் முடிந்துபோகும். அதாவது பவர் எந்த நாளுக்காக எழுதப்படுகிறதோ அந்த நாளில் செத்துப்போகிறது. நினைவு போன பிறகும் தொடரும் பவர் இங்கிலாந்தில் உண்டு, அமெரிக்க மாநிலங்களில் உண்டு, நம் சட்டத்தில் இல்லை. “நான் நினைவிழந்தாலும் இது செல்லும்” என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கும் எழுத்தர்கள் இருக்கிறார்கள். அந்த வரி சட்டத்தை மாற்றாது.

பவரை வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு நினைவு இல்லை என்று தெரிந்தே வீட்டை விற்பது வாங்குபவருக்கும் ஆபத்து, விற்பவருக்கும் ஆபத்து. பிரிவு 209 ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: அதிகாரம் முடிந்த பிறகும், ஒப்படைக்கப்பட்டவற்றைக் காப்பாற்றத் தேவையான நடவடிக்கையை முகவர் எடுக்க வேண்டும். இது காப்பாற்றுவதற்கு, விற்பதற்கு இல்லை.

நாடாளுமன்றம் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். மனம் தெளிவாக இருக்கும்போது, நம்பிக்கையான ஒருவரைத் தானே தேர்ந்தெடுத்து, எல்லையும் கண்காணிப்பும் வைத்து எழுதும் ஆவணம் பிற்பாடும் செல்லும் என்ற திருத்தம். லட்சக்கணக்கான வயதானவர்களின் குடும்பங்கள் ஹைகோர்ட் படியேற வேண்டியிருக்காது.

9 ஜூன், இரவு: திருத்தம்

5-ஆம் தேதிக் குறிப்பைப் படிப்பவருக்கு மறதி நோய்க்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று தோன்றும். அது சரியில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 (நடைமுறை 29 மே 2018) மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இடம் காலம் அறிதல், நினைவாற்றல் ஆகியவற்றின் கடுமையான கோளாறு வருகிறது. முற்றிய மறதி நோய் அதற்குள் அடங்கும். ஆகவே சிகிச்சை விஷயத்துக்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் (பின்னால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பது) எழுதி வைக்கலாம். நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்து நியமிக்கலாம்.

ஆனால் அந்தப் பிரதிநிதி மனநல சிகிச்சைக்கு மட்டும். வங்கிக் கணக்கைத் தொட முடியாது, வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது. ரத்தான 1987 மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளர் நியமிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு தனி அத்தியாயமே இருந்தது. 2017 சட்டம் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. மனநோய் உள்ளவரின் தன்னுரிமையை இவ்வளவு அக்கறையோடு எழுதிய சட்டம், அவருடைய சேமிப்புப் பணத்தை யாரும் தொட முடியாமல் உறையவிட்டது பெரிய ஓட்டை. 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவிக்கும் அதிகார அமைப்போ வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் தரலாம். மனநோய் அந்தச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஒன்று. அந்த வழியைத்தான் முதலில் முயல வேண்டும்.

11 ஜூன்

கோமா தனிக் கதை. அதற்கு எந்த மத்தியச் சட்டமும் நேரடியாக வழி சொல்லவில்லை. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ஹைகோர்ட்டில் ரிட் மனுதான் வழி.

கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் இதற்கு நெறிமுறை வகுத்தது. நோயாளியின் சொத்து முழுவதையும் மனுவில் காட்ட வேண்டும். மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், அதில் ஒரு நரம்பியல் மருத்துவர் கட்டாயம். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீதிமன்றப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024 மே மாதம் வந்த இரு நீதிபதி அமர்வின் உத்தரவையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிவில் கோர்ட்டுக்குப் போ என்று தனி நீதிபதி திருப்பி அனுப்பிய மனைவியின் மனுவை அமர்வு ஏற்று, கோமாவில் இருக்கும் கணவருக்கு அவரைப் பாதுகாவலராக்கியது. சொத்தை விற்க அனுமதி கொடுத்த கையோடு, ரூ. 50 லட்சத்தைக் கணவர் பெயரிலேயே நிரந்தர வைப்பில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. மனுவிலேயே இப்படி ஒரு பணத்திட்டத்தை நீங்களாகவே முன்வைத்தால் நீதிமன்றத்துக்கும் முடிவெடுப்பது எளிது.

12 ஜூன்

கையெழுத்துப் பிரச்சினை. 5-ஆம் தேதி சொன்ன “வேறு வழி” இதுதான்.

கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளருக்கு ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கைவிரல் அல்லது கால்விரல் ரேகை போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறி இட்டாலும் போதும், அதே இரண்டு சாட்சிகளோடு. யார் பணத்தை வாங்கிப் போவார் என்பதையும் அவரே காட்ட வேண்டும். வங்கிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

இது புரிதல் இருந்து கை வராதவருக்கு. புரிதல் இல்லாதவரின் விரலைப் பிடித்து ரேகை எடுப்பதற்கு இல்லை.

15 ஜூன்

“வெளிநாட்டில் எப்படி?” என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அடிப்படை ஒன்றுதான்: ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா 1 அக்டோபர் 2007-இல் ஏற்றது. அதன்பின் பெரு 2018-இலும் கொலம்பியா 2019-இலும் வயது வந்த மாற்றுத்திறனாளிக்கான பழைய பாதுகாவலர் முறையைக் கைவிட்டு உதவி முறைக்கு மாறின. ஸ்பெயினின் சட்டம் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்து 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு இப்படிப்பட்டவர்களை “வார்டு” (நீதிமன்றப் பொறுப்பில் உள்ளவர்) ஆக்கிக்கொண்டிருந்தது. 26 ஏப்ரல் 2023 முதல் மூன்று படிகள்: முடிவெடுக்க உதவுபவர், சேர்ந்து முடிவெடுப்பவர், நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி. அமெரிக்காவில் டெக்சாஸ் 2015-லேயே உதவி ஒப்பந்தத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 வரை கன்சர்வேட்டர்ஷிப்பில் (நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரின் கட்டுப்பாட்டில்) இருந்தது உலகறிந்த பிறகு, கலிபோர்னியா 2022-இல் திருத்தம் செய்தது. உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணால் 13 வருடம் தன் பணத்தைத் தன் முடிவில் செலவழிக்க முடியவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அயர்லாந்தின் நடுப்படி. இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் செல்லும் என்ற ஏற்பாடு நம் கூட்டுக் குடும்பங்களுக்குப் பொருந்தும். நம் 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவின் விளக்கத்திலும் “கூட்டு முடிவு” என்ற சொல் இருக்கிறது. அதற்கு ஒரு படிவமும் ஒரு பதிவேடும்தான் இல்லை.

அதே பிரிவில் எனக்கு உறுத்துவது அதன் காப்புரை: தேவைப்பட்டால், அல்லது வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைத் திரும்பத் திரும்ப நியமிக்க வேண்டியிருந்தால், “முழு ஆதரவு” தரலாம். மறுஆய்வு உண்டு என்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லவில்லை. உத்தரவு கேட்கும்போதே மறுஆய்வுத் தேதியையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

18 ஜூன்

கணக்கு. நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் பாதுகாவலராக நியமனமான 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல்: அசையும் சொத்து, அசையாச் சொத்து, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் சேர்த்து. பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. அதாவது ஜூன் 30. சர்டிபிகேட் வாங்கியவர்களில் பலருக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது, குழுவும் கேட்பதில்லை. பத்து வருடம் கழித்து உடன்பிறந்தவர் ஒருவர் 17-ஆம் பிரிவில் பாதுகாவலரை நீக்க மனு போடும்போதுதான் கேட்பார்கள். உழைத்துப் பார்த்துக்கொண்ட தாயோ தங்கையோ அப்போது கையில் ஒரு ரசீது இல்லாமல் நிற்பார்கள்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, தொகை, எதற்கு, அவரிடம் கேட்டோமா, என்ன சொன்னார். ஐந்து கட்டம். மருந்துச் சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அவர் பணத்தை உங்கள் கணக்கோடு சேர்க்காதீர்கள், ஒரு வாரத்துக்குக்கூட.

19 ஜூன்

“குழு கணக்கையே வாங்க மறுக்கிறது, அப்படி ஒரு வழக்கம் இல்லை என்கிறார்கள்” என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அம்மா, ஒப்புகை கிடைக்கும் தபாலில் குழுத் தலைவர் பெயருக்கு அனுப்புங்கள். ஒப்புகை வந்ததும் நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள். இந்த வருடத்துக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது.